இந்த நாட்டுக்கு வேற பேர் வைக்கிறதெண்டா என்ன பேர் வைப்பியள்?

4 பெப்ரவரி, காலமை 8.20

பரந்தன் பக்கத்துத் தம்பி ஒராள் கேட்டதை அப்பிடியே போடுறன்: "இண்டைக்குச் சுதந்திர தினம், பள்ளிக்கூடத்தில கொடி ஏத்தினவை. ஸ்ரீ லங்கா எண்ட பேரே 1972இல வந்த புதுப்பேர், எங்களைக் கேக்காமல் வச்சது. சுவாசிலாந்து 2018இல எஸ்வாத்தினி ஆகிட்டுது, பர்மா 1989இல மியான்மார் ஆகிட்டுது. அதுமாதிரி மாத்தலாம் எண்டா நீங்கள் என்ன பேர் சொல்லுவியள்? ஏன்?"

4 பெப்ரவரி, காலமை 9.05

இலங்கை. எனக்கு யோசிக்கவே தேவையில்ல.

ஆனா தம்பி, கேள்வியில ஒரு பிழை கிடக்கு. 1972 மே 22இல இங்கிலீசில சிலோன் போய் ஸ்ரீ லங்கா வந்தது. தமிழில ஒண்டும் மாறேல்ல. பொக்கற்றில சில்லறை கிடந்தா எடுத்துப் பாருங்கோ, தமிழில இலங்கை எண்டுதான் இருக்கும். தாளில "இலங்கை மத்திய வங்கி". பாஸ்போட் மட்டையில "இலங்கை சனநாயக சோசலிசக் குடியரசு". பேங்க் ஒஃப் சிலோன் இண்டைக்கும் இங்கிலீசில சிலோன்தான், தமிழில இலங்கை வங்கி. ரேடியோ சிலோன் காலத்திலயும் எங்களுக்கு அது இலங்கை வானொலி.

அப்பா சீ.ரீ.பி.யில கொண்டக்டரா இருந்தவர். 1958இல தொடங்கேக்க அது சிலோன் ட்ரான்ஸ்போட் போட், இடையில பிராந்திய சபை, கொம்பனி எண்டு பிரிச்சு வச்சவை, 2005இல திரும்பச் சேத்து ஸ்ரீ லங்கா ட்ரான்ஸ்போட் போட். தமிழில அப்பவும் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை), இப்பவும் இ.போ.ச. அந்த முன் "இ" மாறவே இல்ல. சின்னனில எழுத்துப் பழகினதே அப்பாவின்ர பஸ்ஸில எழுதிக்கிடந்த அந்த மூண்டு எழுத்தைப் பாத்துத்தான், அதால எனக்கு அந்த இனாவில ஒரு தனிப்பட்ட உரிமை இருக்கிறமாதிரி ஒரு எண்ணம்.

4 பெப்ரவரி, இரவு 9.40

கடையைப் பூட்டிப்போட்டு வந்து பாத்தா ஒரே பேர்மாரி. வந்ததுகளைச் சொல்லுறன்: ஈழம் (நாலு பேர்), லங்கா மட்டும், திரும்பவும் சிலோன், தம்பபண்ணி, தப்ரபேன், செரண்டிப், இரத்தினதீபம். மல்லாவியில இருந்து ஒராள் "தண்ணித்தீவு, இந்தமுறை வெள்ளத்துக்குப் பிறகு" எண்டு எழுதியிருக்கிறார், வயல் அழிஞ்ச கோவத்தில எழுதினது, விளங்குது அண்ணை.

செரண்டிப் பற்றி ஒரு விசயம். அது அரபு வியாபாரிமார் சொன்ன பேர், சிங்களத் தீவு எண்ட சொல்லின்ர வழியில வந்தது. இங்கிலீசில எதிர்பாராமல் கிடைக்கிற நல்லதுக்கு "செரண்டிப்பிட்டி" எண்டு ஒரு சொல் இருக்கு, 1754இல ஹொரஸ் வால்போல் உண்டாக்கினது. கேக்க வடிவாத்தான் இருக்கு. ஆனா இந்த மண்ணில ஆர் அதைச் சொல்லி வாழ்ந்தது?

சிலோனும் அதே வழிதான். போர்த்துக்கீசர் செய்லாவோ, ஒல்லாந்தர் செய்லான், வெள்ளைக்காரன் சிலோன். 2011 தொடக்கத்தில அரசாங்க நிறுவனங்களின்ர பேரில இருந்து அதை எடுக்கப்போறம் எண்டு அறிவிச்சவை, தேயிலையில மட்டும் விட்டவை, வெளிநாட்டில "சிலோன் டீ" எண்டாத்தான் விலைபோகும் எண்டு. மின்சார சபைக்கு அதுக்குப் பிறகும் இங்கிலீசில சிலோன்தான் இருந்தது. தமிழில எடுக்கிறதுக்கு ஒண்டும் இருக்கேல்ல.

5 பெப்ரவரி, காலமை 6.30

ஒரு திருத்தம். நேற்று "தமிழில ஒண்டும் மாறேல்ல" எண்டு அடிச்சுச் சொல்லிப்போட்டன். மாங்குளத்து ரீச்சர் ஒராள் கேட்டிருக்கிறா, அப்ப தேசிய கீதம்? அது தமிழிலயும் "ஸ்ரீ லங்கா தாயே" எண்டுதானே தொடங்குது?

ஓம், சரி. காசில இலங்கை, பாட்டில ஸ்ரீ லங்கா. புலவர் நல்லதம்பி மொழிபெயர்த்தவர். சிங்களத்தில ஆனந்த சமரக்கோன் எழுதின முதல் அடியை 1961இல மாத்தித்தான் "ஸ்ரீ லங்கா" எண்டு தொடங்க வச்சவை. அப்ப நாட்டின்ர இங்கிலீசுப் பேர் இன்னும் சிலோன்! அதுக்கு முதலே 1951இல கட்சி ஒண்டு ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி எண்டு பேர் வச்சிட்டுது. அதால 1972இல திடீரெண்டு வானத்தில இருந்து விழுந்த பேர் இல்ல அது, இருவது வருசமா வந்துகொண்டிருந்தது.

நாங்கள் படிக்கேக்க வன்னிப் பள்ளிக்கூடங்களில அந்தப் பாட்டு இல்ல. நான் முழுசாக் கேட்டதே 2009க்குப் பிறகு.

5 பெப்ரவரி, பின்னேரம் 4.10

மகள் பள்ளியால வந்தோடன கொப்பியை வாங்கிப் பாத்தன். ஏழாம் ஆண்டு படிக்கிறா, பாட்டை அழகா எழுதி வச்சிருக்கிறா. வாசிச்சுக்கொண்டு போனா கடைசிப் பக்கம் "ஈழ சிரோமணி" எண்டு வருது.

எனக்கு ஒரு நிமிசம் கை நிண்டுட்டுது. தேசிய கீதத்துக்குள்ள ஈழம். வருசக்கணக்கா ரோட்டுக்கு அங்கால இருக்கிற பள்ளிக்கூடத்தில இருந்து காதில விழுந்த பாட்டு, நான் கவனிச்சதே இல்ல. மகளிட்டக் கேட்டன், ஈழம் எண்டா என்ன எண்டு. "இலங்கைதானே அப்பா, ரீச்சர் சொன்னவா" எண்டாள்.

இதைத் தனியா எழுதோணும். இண்டைக்கு நெல் காயப்போட்டிருக்கு, மழை இருட்டுது.

7 பெப்ரவரி, இரவு 10.15

ஈழம்.

ஈழம் எண்டு சொன்ன நாலு பேருக்கும் முதல் என்ர பதில் "வேண்டாம்" எண்டுதான் இருந்தது. ஏன் வேண்டாம் எண்டு நினைச்சனான் எண்டு ரெண்டு நாளா யோசிச்சன். பயம். வேற ஒண்டும் இல்ல.

சொல்லின்ர வயசைப் பாருங்கோ. பட்டினப்பாலையில காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில வந்து குவிஞ்ச பொருளுகளுக்குள்ள "ஈழத்து உணவும்" எண்டு வருது. சங்கப் புலவரில ஒராளின்ர பேரே ஈழத்துப் பூதன்தேவனார். திருப்பரங்குன்றத்துக் குகைக் கல்வெட்டில ஈழத்தைச் சேந்த குடும்பத்தான் ஒராள் வாறார். எங்கயும் வடக்குக் கிழக்கு எண்டு கோடு கீறேல்ல, முழுத்தீவுக்கும் அதுதான் பேர். இலங்கையும் இளசில்ல, சிலப்பதிகாரத்தில "கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன்" வாறான், ஒரு சிங்கள ராசாவைத் தமிழ்க் காப்பியம் மரியாதையோட சொல்லுற இடம் அது.

தம்பி கேட்ட "பேர் மாத்துறது" ஒருக்கா தமிழ் ராசாவாலயும் நடந்தது. ராசராசன் பிடிச்சோடன இந்த நாட்டுக்கு மும்முடிச்சோழ மண்டலம் எண்டு தன்ர பட்டப்பேரை வச்சான். பொலநறுவைக்கு ஜனநாதமங்கலம். தஞ்சாவூர்க் கல்வெட்டில "ஈழமான மும்முடிச்சோழ மண்டலம்" எண்டுதான் வெட்டியிருக்கு. புதுப்பேரை மட்டும் வெட்டினா விளங்காது எண்டு பழைய பேரையும் சேத்து வெட்டவேண்டி வந்திருக்கு. சோழர் போனாப்போல அந்தப் பேரும் போட்டுது, ஈழம் நிண்டது.

பேந்து எங்கட வன்னிக்கு வாங்கோ. வவுனியா எம்.பி.யா 1947இல வந்தவர் சுந்தரலிங்கம், அடங்காத் தமிழன் எண்டு சொல்லுவினம். 1959இலயே ஈழத் தமிழர் ஒற்றுமை முன்னணி எண்டு தொடங்கினவர். ஈழம் எண்ட சொல்லை அரசியலுக்குள்ள அந்தளவு உரத்துக் கொண்டுவந்த முதலாக்களில ஒராள் எங்கட தொகுதிக்காரர். 1976 மே 14, தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானத்தில அது தமிழீழம் ஆகுது. 1983 ஆகஸ்டில அரசியலமைப்புக்கு ஆறாம் திருத்தம், தனிநாடு கேக்கேலாது எண்டு. அதுக்குப் பிறகுதான் முழுத்தீவின்ர பேர் ஒரு துண்டுக்கான பேரா எல்லாற்ற காதிலயும் ஒலிக்கத் தொடங்கினது, சிங்கள ஆக்களுக்கு மட்டுமில்ல, எங்களுக்கும்.

சட்டத்தில அந்தச் சொல்லுக்குத் தடை இல்ல. பதிஞ்ச கட்சியளின்ர பேரிலயே ஈழம் இருக்கு. ஆனா பயம் சட்டம் பாத்தே வருது?

நான் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) கிட்ட போட்டோக்கொப்பி, படிவம் நிரப்பிற கடை வச்சிருக்கிறன். 2011 அளவில ஒரு அம்மா வந்தவா, மகளின்ர பிறப்புப் பத்திரத்தோட. பிள்ளையின்ர பேர் "ஈழ" எண்டு தொடங்கும், மிச்சத்தைச் சொல்லமாட்டன். "தம்பி, முன் ரெண்டு எழுத்தை மட்டும் எடுக்க ஏலுமே? மிச்சம் கிடக்கட்டும், தேப்பன் வச்ச பேர்." தேப்பன் இல்ல. பேர் மாத்துற படிவத்தில காரணம் எண்டு ஒரு இடம் இருக்கு, அதில என்ன எழுதுறது எண்டு அவவும் நானும் அரை மணித்தியாலம் பாத்துக்கொண்டு இருந்தம். கடைசியில "கூப்பிட இலகுவாக" எண்டு எழுதினம்.

மகளின்ர கொப்பியில "ஈழ சிரோமணி" எண்டதைப் பாத்தோடன எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பிள்ளைதான். அந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடத்தில தன்ர பேரில இருந்து வெட்டின ரெண்டு எழுத்தைப் பாட்டில பாடியிருப்பாள்.

8 பெப்ரவரி

மிசின் வந்திட்டுது, அறுவடை. நாளைக்கு எழுதுறன்.

11 பெப்ரவரி, மத்தியானம்

வெளிநாட்டில இருக்கிற அண்ணை ஒராள் எழுதியிருக்கிறார், தான் எப்பவும் "சிறிலங்கா" எண்டுதான் எழுதுவன், அது தங்கட நாடில்ல எண்டு காட்டத்தானாம். இலங்கை எண்டு எழுதினா ஒத்துக்கொண்டதாப் போகுமாம்.

அண்ணை, அந்தப் பழக்கம் எனக்கும் இருந்தது. வன்னியில பேப்பர், ரேடியோ எல்லாம் அப்பிடித்தானே சொன்னது. 2002இல ஏ9 ரோட்டு திறந்தாப்பிறகு அக்காவின்ர பெடியன் முதல்தரம் வவுனியா போகேக்க ஓமந்தைச் சோதனைச்சாவடியில இறங்கிக் கேட்டவன், "மாமா, இதில இருந்தோ சிறிலங்கா தொடங்குது?" அவனுக்கு அது பக்கத்து நாடு. நேரமும் வேற. 1996இல அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி வச்சது, இங்கால பழைய நேரம்தான், அங்கால போனா அரை மணித்தியாலம் கூட்டோணும். 2006 சித்திரையில அவையே பழைய நேரத்துக்கு வந்திட்டினம்.

ஆனா உங்களிட்ட ஒண்டு கேக்கிறன். இலங்கை எண்ட பேரை நாங்கள் விட்டுட்டு சிறிலங்கா எண்டு எழுதினா, ஆரின்ர பேரை ஆருக்குக் குடுக்கிறம்? அந்தப் பேர் எங்கட பாசையில ஆயிரம் வருசத்துக்கு மேலாக் கிடக்கு. கோவத்தில வீட்டை விட்டுப் போறம் எண்டு சொல்லி காணி உறுதியையும் வச்சிட்டுப் போறமாதிரி இருக்கு எனக்கு.

ஸ்ரீ எண்ட எழுத்து எங்கட மூத்த ஆக்களுக்கு ஏன் குத்தும் எண்டதும் தெரியோணும். 1957இல வாகன நம்பர் பிளேற்றில சிங்கள ஸ்ரீ போட்டது, தமிழ்ப் பகுதியில அதுக்குத் தார் பூசினது, அங்கால தமிழ்ப் பேர்ப்பலகையளுக்குத் தார் பூசினது, 1958 கலவரம். பதினாலு வருசம் கழிச்சு அதே எழுத்து நாட்டின்ர பேருக்கு முன்னால வந்து குந்திச்சுது. திரு எண்டுதானே கருத்து எண்டு சொல்லுவினம். கருத்து அதுதான். அப்பு அந்த எழுத்தைப் பாக்கேக்க திருவோ கண்டிருப்பார்?

அதே நாள், கொஞ்சம் பிந்தி

இன்னொரு துண்டு. பிரேமதாச காலத்தில இங்கிலீசில "எஸ்"க்குப் பிறகு ஒரு "எச்" சேத்தவை, முத்திரையிலயும் வந்தது, 1993இல அவர் கொல்லப்பட்டாப்பிறகு அந்த எச் போட்டுது. தமிழில அப்பவும் இலங்கை!

12 பெப்ரவரி, காலமை

நேரக்கணக்கில திருத்தம், வட்டக்கச்சி ஐயா சொன்னது சரி. 1996இல முதல் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவை, பேந்து அரை மணித்தியாலம் குறைச்சவை. நான் சொன்ன அரை மணித்தியாலம் அதுக்குப் பிறகு பத்து வருசம் நிண்டது.

15 பெப்ரவரி, இரவு

தப்ரபேன் எண்டு சொன்ன தம்பிக்கு. உங்கட வாதம் நல்ல வாதம். சுவிசில நாலு பாசை, முத்திரையில எந்தப் பாசைக்கும் பக்கம் சாயாமல் "ஹெல்வெட்டியா" எண்டு லத்தீனில போடுறவை, அதுமாதிரி எங்களுக்கும் ஒரு பொதுப்பேர் எண்டுறியள். தப்ரபேன் கிரேக்கர் சொன்னது, தம்பபண்ணியில இருந்து வந்தது, அசோகன்ர கல்வெட்டிலயும் அந்தப் பேர் இருக்கு, திருநெல்வேலித் தாமிரபரணி ஆத்துக்கும் அதே பேர்தான். அப்பிடிப் பாத்தா சிங்கள ஆக்களின்ர விஜயன் தம்பபண்ணியில வந்திறங்கின கதையும் தமிழ் ஆறும் ஒரு பேருக்குள்ள வருது.

ரெண்டு நாள் எனக்கு அது பிடிச்சிருந்தது. பேந்து வெலிஓயாவை நினைச்சன். மணலாறு எண்டது எங்கட ஊர்ப்பேர். வெலி எண்டா மணல், ஓயா எண்டா ஆறு. 1988இல அந்தப் பேரைச் சொல்லுக்குச் சொல் மாத்தி வர்த்தமானியில போட்டவை. கருத்தில ஒரு எழுத்தும் பிசகேல்ல, ஆனா அங்க இருந்து எழும்பி வந்த சனத்திட்டக் கேட்டா அந்தப் பேரோட தங்கட ஊர் போட்டுது எண்டுதான் சொல்லுங்கள். கருத்துச் சரியா இருந்தாக் காணாது, வாயில ஆர் சொன்னது எண்டது இருக்கு. தப்ரபேன் எண்டு எந்த ஆச்சியும் சொல்லேல்ல, எங்கட ஆச்சியும் இல்ல, சிங்கள ஆச்சியும் இல்ல.

சிங்களத்தில அவை லங்கா எண்டு சொல்லட்டும், அது அவையின்ர ஆச்சி சொன்னது. தமிழில இலங்கை. இங்கிலீசில என்ன எண்டதை ரெண்டு பகுதியும் இருந்து கதைக்கட்டும். பின்லாந்துக்காரர் தங்கட பாசையில சுவோமி எண்டுறவை, ஒருத்தரும் குழம்பேல்ல.

16 பெப்ரவரி, பின்னேரம்

நேற்று எழுதினதில எனக்கே ஒரு இடத்தில மனம் நிக்கேல்ல. "எங்கட ஆச்சி" எண்டு எழுதினன். ஆற்ற ஆச்சி?

இண்டைக்குக் கடைக்குத் தருமபுரத்தில இருந்து ஒரு அம்மா வந்தவா. எழுவது வயசு வரும். 1977 கலவரத்தோட மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்தில இருந்து இங்க வந்து காடு வெட்டிக் குடியேறின ஆக்கள். தமையன் அதுக்கு முதலே சாஸ்திரி ஒப்பந்தத்தில இந்தியாவுக்குப் போட்டார். 1964இல எங்கட பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட கணக்கு, அஞ்சேகால் லட்சம் பேர் அங்க, மூண்டு லட்சம் பேர் இங்க, மிச்ச ஒண்டரை லட்சம் பிறகு பாப்பம். தலைமன்னாரில கப்பல் ஏறினவராம். இப்ப அவற்ற பிள்ளையள் தமிழ்நாட்டில கூடலூர்ப் பக்கம்.

அம்மா சொன்னதை அவவின்ர வாயாலயே எழுதுறன்: "எங்கண்ணன் அங்க போயி அம்பது வருசமாச்சு, இன்னும் சிலோன்காரர் வீடுன்னுதான் சொல்றாங்களாம். நா இங்க பொறந்து இங்கயே கெடக்கேன், எம் பத்திரத்துல இந்தியத் தமிழர்னு போட்டிருக்கு. ஒரு வயித்துல பொறந்த ரெண்டு பேரு தம்பி. அவன அங்க சிலோனுங்கிறாங்க, என்ன இங்க இந்தியாங்கிறாங்க."

நான் ஒண்டும் சொல்லேல்ல. 1948இல தோட்டத் தமிழரின்ர பிரஜாவுரிமையை எடுத்தது, 1988, 2003 சட்டங்களோட திரும்பக் குடுத்தது, எல்லாம் எனக்குத் தெரியும், எத்தினை பேருக்குப் படிவம் நிரப்பியிருக்கிறன். ஆனா இந்த ரெண்டு வாரமா இலங்கை எண்ட பேர் எங்கட, எங்கட எண்டு எழுதிக்கொண்டிருந்தன், அந்தப் பேரை ஒரு பெட்டிக்குள்ள எழுதவேணும் எண்டு கேக்கிற மனுசி என்ர மேசைக்கு முன்னால இருந்தவா. எங்கட ஆக்களே இவையை என்னென்ன பேர் சொல்லிக் கூப்பிட்டவை எண்டும் எனக்குத் தெரியும், அதை இங்க எழுத மனமில்ல.

அம்மா வந்தது பேரனுக்கு. போன மாசம் பிறந்தது. இனம் எண்ட இடத்தில என்ன போடுறது எண்டு கேக்க.

16 பெப்ரவரி, இரவு 11

கேட்டவைக்கு: ஓம், இலங்கைத் தமிழர் எண்டு போடலாம். தாய் தேப்பன் அறிவிக்கிறதைத்தான் பதியிறது. சில இடத்தில பேரனாரின்ர பத்திரத்தைக் கொண்டுவா எண்டு அலைக்கழிக்கிறவை, அதுக்குப் பயந்து பழையதையே எழுதிவிடுகிற சனம் கனக்க. எழுதேக்கயே நிண்டு பாக்கோணும்.

3 மார்ச், மத்தியானம்

நெல்லுக்கு விலை இல்லை எண்டு எழுதவந்தனான், அதை வேற இடத்தில எழுதுறன்.

தருமபுரத்து அம்மா இண்டைக்குப் பத்திரத்தோட வந்தவா, போட்டோக்கொப்பி அடிக்க. மூண்டு கொப்பி. ஒண்டு வீட்டுக்கு, ஒண்டு கிளினிக்குக்கு, ஒண்டு கூடலூருக்கு அனுப்பவாம். தபாலுறையில விலாசத்தை என்னட்டை எழுதச் சொன்னவா. அனுப்புறவரின்ர இடத்தில தருமபுரம், கிளிநொச்சி எண்டு எழுதிப்போட்டு நிமிந்து பாத்தன். "அடியில இலங்கைன்னு பெருசா எழுதுங்க தம்பி, அங்க தபால்காரர் சத்தமாப் படிச்சிட்டுத்தான் குடுப்பாராம்" எண்டா.

பெருசா எழுதினன்.